முதலில் காட்டுரிமை, பிறகு கடன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்குடியினரைத் தொழில்முனைவோர் ஆக்கும் பேச்சு எழும்போதெல்லாம் பயிற்சியும் கடனும் மானியமும்தான் முன்னே வருகின்றன. பழனி மலைப் பழங்குடியினரான பளியர்களுக்குத் தேனெடுக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பாறையில் கயிறு கட்டி இறங்கி, புகைபோட்டுப் பெருந்தேனீயை விலக்கி, புழு இருக்கும் பகுதியை விட்டுவிட்டுத் தேனடையை மட்டும் அறுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். தேன், மெழுகு, கடுக்காய், நெல்லி போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை தந்தது. அவற்றைப் பக்குவப்படுத்திக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்கலாம், அதற்கான அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே வழங்கலாம் என்று 2012 விதித் திருத்தம் தெளிவாக்கியது. தமிழ்நாட்டிலோ 2008-இல் உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டால் உரிமைப் பட்டா வழங்குவது முடங்கியது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. இடையில், 2013-இல், கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டுவிட்டது. காட்டுக்குக் கட்டுப்பாடு வந்த வேகத்தில் மக்களுக்கு உரிமை வரவில்லை என்பதே என் கண்டனம். உரிமை எழுத்தில் கைக்கு வராதவரை, சேகரித்தவர் பேரம் பேச முடியாது. முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்வதே விலை.

சரணாலயத்தில் வணிகம் கூடாதே என்பார்கள். வன உரிமைச் சட்டம் சரணாலயங்களையும் உள்ளடக்கியது. பிற சட்டங்கள் எதுவாயினும் இவ்வுரிமைகள் செல்லும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. காட்டைக் காக்கும் பொறுப்பையும் அதே சட்டம் கிராம சபையிடம் ஒப்படைத்திருக்கிறது. அடுத்த ஆண்டும் அதே பாறைக்கு வரவேண்டியவரைவிட அங்குள்ள தேன்கூட்டைக் காப்பதில் அக்கறை யாருக்கு இருக்கும்? கணக்கும் வியாபாரமும் பழங்குடியினருக்கு வராது என்பது இன்னொரு வாதம். நீலகிரியில் 2013-இல் தொடங்கிய ‘ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்’ அதற்குப் பதில். பழங்குடியினரே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் அந்த நிறுவனம் 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ‘ஈக்குவேட்டர்’ விருதைப் பெற்றது.

பழங்குடியினர் வனப்பொருட்களைப் பக்குவப்படுத்தி விற்பதற்காக 2018-இல் வந்த ‘வன் தன்’ திட்டம் முந்நூறு பேர் கொண்ட ஒரு மையத்துக்குப் பதினைந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. பணம் தேவைதான், ஆனால் விற்கும் பொருள் யாருடையது என்பது தீராமல் அந்தப் பணம் நிலைக்காது. ஆகவே திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் வடகவுஞ்சியிலும் சுற்றியுள்ள மலை ஊராட்சிகளிலும் குடியிருப்பு வாரியாகக் கிராம சபையைக் கூட்டி, சமூக வன உரிமை மனுக்களைக் காலக்கெடு வைத்து முடிக்க வேண்டும். அதன் பிறகு கடன் மேளா நடத்தட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடகவுஞ்சி.