கோச்சை மாத்தினா போதுமா?

1/ சென்னையின் எஃப்சி நாலு மேட்ச் தோத்தா போதும், "கோச்சைத் தூக்கு"ன்னு கிளம்பிடுறோம். அம்பத்தூர், ஆவடியில இருந்து ட்ரெயின் பிடிச்சு நேரு ஸ்டேடியம் போற நம்ம ஆளுங்களுக்குத்தான் இந்த த்ரெட்.

2/ "ஜான் கிரிகரி போய் 2019 டிசம்பர்ல ஓவன் காயில் வந்ததும் டீம் ஃபைனல் வரைக்கும் போச்சே?"ன்னு கேப்பீங்க. போச்சு. ஏன்னா ஆள் மட்டும் மாறல, ஆட்டமும் மாறிச்சு. பந்து கிடைச்சதும் முன்னாடி பாஞ்சாங்க. அந்த சீசன்ல வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல்.

3/ அப்புறம்? ரெண்டு பேரையும் கோட்டை விட்டோம். ரெண்டு பேரும் ஜாம்ஷெட்பூர் போனாங்க. முதல் சீசன்ல அந்த டீம் 6-வது இடம்தான். ஆனா காயிலைத் துரத்தல. 2021-22ல லீக் ஷீல்டு அவங்க கையில.

4/ நாம? லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச்னு சீசனுக்கு ஒருத்தர். மூணு சீசனும் 8-வது இடம்!

5/ நோய் என்னன்னே பார்க்காம தினம் ஒரு ஆன்டிபயாடிக் மாத்தினா காய்ச்சல் இறங்காது. எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க.

6/ கோச்சுக்குக் குறைஞ்சது ரெண்டு சீசன் கொடுங்க. கோல் அடிக்கிறவனை ஏன் விட்டீங்க, எந்த ஆட்டத்துக்காக ஆள் எடுக்கிறீங்கன்னு நிர்வாகத்தைக் கேளுங்க. அவங்க பதில் சொல்லாத வரைக்கும் யார் கோச்சா வந்தாலும் நமக்கு அதே 8-வது இடம்தான்.