இன்ஜின் ஆடலாமா, ஆளு ஆடலாமா?

கார் பைத்தியம் இல்லாத ஹாஸ்டல் உண்டா? பவர் ஏத்துறதைப் பத்திக் கேட்டா ரீமேப், டர்போ, எக்ஸாஸ்ட்னு பட்டியல் வரும். 'இன்ஜின் மவுன்ட்?'னு கேட்டுப் பாருங்க. 'அது வெறும் ரப்பர் கட்டை மச்சி'ன்னு பதில் வரும். அந்த ரப்பர் கட்டைதான் இந்த வார ஹீரோ!

உதாரணத்துக்கு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245. 2020-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 200 கார்கள் மட்டும்தான். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க். அத்தனையும் முன் சக்கரங்களுக்கே. இது போதாதுன்னு ரீமேப் பண்ணி 300-ஐத் தொடுற ஆசாமிகளும் இருக்காங்க.

இந்த காரில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூணும் ஒரே மூட்டையாகக் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். மேலே இரண்டு பக்கமும் இருக்கும் மவுன்ட்கள் எடையைத் தாங்கும். அடியில் நாய் கடிக்கிற எலும்பு மாதிரி ஒண்ணு இருக்கும். பேரே 'டாக்போன்' மவுன்ட்தான். மூட்டை முன்னும் பின்னும் உருளாமல் பிடிச்சு நிறுத்துறது இதன் வேலை.

எவ்வளவு விசையைப் பிடிக்கணும்? நியூட்டனின் மூன்றாம் விதியை ஞாபகப்படுத்திக்கோங்க. சக்கரத்தை முன்னால் திருகினால், மூட்டை பின்னால் திருகும். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து டார்க்கை 12 மடங்காக்குதுன்னு வெச்சுப்போம். 370-ஐ 12-ஆல் பெருக்கினால் 4,440 நியூட்டன் மீட்டர். டாக்போன் அரை மீட்டர் கீழே இருந்தால், அதன் மேல் 8,880 நியூட்டன். அதாவது சுமார் 900 கிலோ! ஒரு சின்ன காரையே அதில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

ரப்பர் இங்கேதான் திணறும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் இன்ஜின் முதலில் சாயும்; அப்புறம்தான் கார் நகரும். சிக்னலில் வேகமாகக் கிளம்பினால் டயர் பிடிக்கும், வழுக்கும், திரும்பப் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் ஊஞ்சல் ஆட, முன்பக்கமே தடதடன்னு குதிக்கும். இதுதான் 'வீல் ஹாப்'. அந்த அடியெல்லாம் டிரைவ்ஷாஃப்ட்டின் தலையில்தான் விழும்.

அதனால்தான் ரப்பருக்குப் பதிலாக பாலியூரித்தேன். ஆட்டம் குறையும், கால் வெச்ச உடனே கார் பதில் சொல்லும். சூப்பர்தானே? பொறுங்க பாஸ், டைனமிக்ஸ் பேப்பர் பாக்கி இருக்கு.

நாலு சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் வினாடிக்கு 25 தடவை உதறும். மவுன்ட்டின் நேச்சுரல் ஃப்ரீக்வன்சி 10 ஹெர்ட்ஸ் என்றால், டேம்பிங்கை விட்டுட்டுக் கணக்குப் போட்டால், அந்த உதறலில் ஐந்தில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகும். மூணு மவுன்ட்டையும் மாத்தி ஸ்டிஃப்னஸை 4 மடங்கு ஏத்துங்க. ஃப்ரீக்வன்சி 20 ஹெர்ட்ஸ் ஆகும். இப்ப பாடிக்குப் போறது ஒன்றே முக்கால் மடங்கு! கிட்டத்தட்ட 9 மடங்கு வித்தியாசம். தடுக்க வேண்டிய மவுன்ட்டே ஆம்ப்ளிஃபையர் ஆயிடுச்சு. 3,000 ஆர்.பி.எம்.மில் பிரச்னை இல்லை, ஏ.சி. போட்டு சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் பல்லும் சேர்ந்து ஆடும்.

கோவை கரி ஸ்பீட்வேயில் நடந்த ஃபார்முலா பாரத் போட்டிகளில், இன்ஜினை நேரடியாகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய கார்களைப் பார்க்கலாம். அவங்களுக்கு அது ஓகே. சுமார் 22 கிலோமீட்டர் என்ட்யூரன்ஸ் முடிஞ்சதும் இறங்கிடலாம். ரோட்டு காரில் பின் சீட்டில் முதுகுவலியோட பாட்டி உட்காருவாங்களே!

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் பழைய மவுன்ட்டைப் பாருங்க. ரப்பர் வெடிச்சிருந்தா புது ஒரிஜினல் மவுன்ட் போட்டாலே பாதிப் பிரச்னை தீரலாம்.

அப்பவும் வீல் ஹாப் இருந்தா, டாக்போனை மட்டும் மாத்துங்க. எடையைத் தாங்காத மவுன்ட் என்பதால் ஸ்டிஃப் ஆனாலும் அதிர்வு ஓரளவுதான் ஏறும். உருளும் விசையைப் பிடிக்கிறதோ அதுதான். அதன் போல்ட்கள் இழுபட்டு இறுகும் டைப். கழற்றினால் புதுசு போடணும், டார்க் ரெஞ்ச் கட்டாயம். பழைய போல்ட்டை 'இறுக்கிட்டேன் தம்பி'ன்னு தட்டிக் கொடுக்கிறவரிடம் ஜாக்கிரதை.

ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. போதும்னு தோணினா நிறுத்திக்கோங்க. மேலே இருக்கிற ரெண்டையும் தொட வேண்டாம். சாலிட் அலுமினியம்? டிராக்குக்கு மட்டும்.

மவுன்ட் மாத்தினா ஒரு குதிரைகூடக் கூடாது மக்களே. இருக்கிற குதிரைகள் ஒழுங்காக ரோட்டைத் தொடும், அவ்வளவுதான். ஆனா அதிர்வு எங்கேயும் காணாமல் போகாது. இன்ஜின் ஆடலைன்னா வேற யாரோ ஆடணும். யாருன்னு முடிவு பண்ணிட்டு ஸ்பேனரை எடுங்க!