சூரிபாச்சி மலையும் குடும்பிமலையும்

நேற்று குசினி மூடி, கோப்பைகள் கழுவி வீடு வர இரவு ஒரு மணி. ஓக்லாந்தில் நல்ல மழை, நித்திரையும் வரவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வூட் 2006இல் எடுத்த இவோ ஜிமாப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். சூரிபாச்சி மலையில் ஆறு பேர் கொடி நடும் அந்தப் புகைப்படம்... உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

169 மீற்றர் எரிமலை. உச்சியில் நின்றால் படை இறங்கும் கரை முழுக்கத் தெரியும், அதுதான் அதன் பெறுமதி. அமெரிக்கர் 1945 பெப்ரவரி 19இல் இறங்கி 23இல் கொடி ஏற்றினார்கள். யோ ரோசென்தால் படம் பிடித்தது அன்றைய இரண்டாவது கொடியை. அதோடு சண்டை முடிந்தது என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன். இல்லை, மார்ச் 26 வரை இழுத்தது. அந்த ஆறு பேரில் மூவர் அதே தீவில் செத்தார்கள்.

என்னை உறுத்துவது வேறு. அங்கே கரும்பு வைத்தும் கந்தகம் எடுத்தும் ஆயிரம் பேரளவில் வாழ்ந்தார்கள். 1944இல் யப்பான் அரசே அவர்களைக் கப்பலேற்றியது. 1968இல் தீவு யப்பானிடம் திரும்பி வந்தது. சனம் திரும்பவில்லை! இன்றைக்கும் அது படைத்தளம்தான். செத்தவர்களைக் கும்பிட்டு வரத்தான் பழைய குடிகளை விடுகிறார்கள். கேட்டுப் பெற்றது ஒன்று, ஊர்ப் பெயர். அவர்களுக்கு அது 'இவோ தோ'. 'ஜிமா' என்பது வெளியிலிருந்து வந்த கடற்படை அதிகாரிகள் பிழையாக வாசித்தது. 2007 யூனில் திருத்தினார்கள்.

அடுத்த மாதம், யூலை 11இல், எங்கட குடும்பிமலையை இராணுவம் பிடித்தது. செய்திகளில் அது 'தொப்பிகல'. 19ஆம் திகதி கொழும்பில் விழாவும் எடுத்தார்கள். அந்த வருடம் மட்டக்களப்பில் இடம்பெயர்ந்த சனமோ ஒரு இலட்சத்துக்கு மேல்.

அரசாங்கத்தைத் திட்டுவது சுகம். ஆனால் நான் என்ன செய்தேன்? கடைப் பின்கதவடியில் சிகரெட்டோடு நின்று, 'மலை போட்டுதே' என்றுதான் கவலைப்பட்டேன். கூட நின்றவர்களும் அப்படித்தான். வரைபடம் கீறி, எப்ப திருப்பிப் பிடிப்பினம் என்று கதைத்தோம். மலையைச் சுற்றியிருந்த சனம் எங்கே, என்ன தின்னுது என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இப்ப எங்கட குசினியில் படுவான்கரைப் பெடியன் ஒருவன் மரக்கறி வெட்டுகிறான். 2007இல் அவனுக்குப் பத்து வயதிருக்கும். இரண்டு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தும், அந்த யூலையில் எங்கே இருந்தாய் என்று நான் அவனைக் கேட்டதில்லை.


நாளைக்கு வேலைக்கு வருவான்.