ஆலைவாயிலில் எழுதுக ஆற்றற் கணக்கை!

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீழைக்கரையிலுள்ள மீமிசல் உப்பளங்களில், பாத்தியில் நின்ற கடல்நீரைக் கதிரவனும் காற்றுமே வற்றச் செய்கின்றன; உழைப்பாளி வாரிக் குவிக்கின்றான். நீர் வற்றுதற்கு ஒரு பிடி நிலக்கரியும் வேண்டுவதில்லை. ஆனால், உப்பு எரிகார ஆலைக்குட் புகுந்தவுடன் நிலைமை தலைகீழாகி விடுகின்றது. உப்புநீரினூடே மின்னோட்டம் பாய்ச்சியே அங்கு எரிகாரமும் குளோரினும் பிரிக்கப்பெறுகின்றன. ஒரு தொன் (டன்) எரிகாரத்திற்குப் பழைய இதள் (பாதரசக்) கலங்கள் 3000 அலகிற்கு மேலும் மின்னாற்றலை விழுங்கின. படலக் கலங்களோ ஏறத்தாழ 2500 அலகில் முடிக்கின்றன. உப்பும் அதுவே, காரமும் அதுவே. எஞ்சிய 500 அலகு வீணே எரிந்ததன்றி வேறென்ன?

இவ் வீணடிப்பைத் தடுக்கவே நடுவணரசு 2001-இல் ஆற்றல் காப்புச் சட்டம் இயற்றியது. 2012-இல் தொடங்கிய திட்டத்தின் முதற்சுற்றில் பைஞ்சுதை, எஃகு, உரம், தாள், எரிகாரம், அனல்மின் முதலிய 8 துறைகளைச் சார்ந்த 478 ஆலைகளுக்கு இலக்கு வரையறுக்கப்பெற்றது. இலக்கைக் கடந்த ஆலைக்குச் சேமிப்புச் சான்று கிடைக்கும். எட்டாத ஆலை அச் சான்றை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம். ஏறத்தாழ 67 இலக்கம் தொன் கன்னெய்க்கு இணையான ஆற்றலை மிச்சப்படுத்த எண்ணிய அச்சுற்றில், 87 இலக்கம் தொன் அளவு மிஞ்சியதாக அரசு கணக்குக் காட்டியது. நன்றே! கட்டுப்பாடு வந்தால் தொழில் அழியும் என்றோர் வாய் அடைபட்டது.

ஆயின், நாம் கேட்பது வேறு. அவ்விலக்கு ஒரு தொன் விளைபொருளுக்கு இவ்வளவு என்பதேயன்றி, ஆலை மொத்தமாக எரிக்கும் அளவிற்கு வரம்பன்று. விளைவு பெருகின் எரிப்பும் பெருகலாம். மேலும், தன் ஊரில் நிற்கும் ஆலை தானே திருந்தியதா, பிறர் சேமிப்பை விலைக்கு வாங்கித் தப்பியதா என்பதை அவ்வூர் உழவனும் மீனவனும் எவ்வாறு அறிவர்? இலக்குகளை வெளியிடும் இந்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே வருகின்றது. ஆலைப்புகை தமிழன் மூக்கிற்கு. ஆலைக்கணக்கு மட்டும் அயல்மொழிக்கோ?

மின்னாற்றலின் அருமையை இக்கரைக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 2018 நவம்பர் 16-இல் கசாப் புயல் கம்பங்களைச் சாய்த்தபோது, புதுக்கோட்டைச் சிற்றூர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஒற்றை விளக்கிற்கு ஏங்கிய மக்களுக்கு, ஓர் ஆலை வீணடிக்கும் ஆயிரம் அலகைப் பற்றிக் கேட்கும் உரிமை இல்லையா?

தீங்குதரும் வேதிப்பொருள், கழிவு பற்றிய குறிப்புகளை ஆலைவாயிலில் எழுதிவைக்க உச்ச முறைமன்றம் 2003-இல் ஆணையிட்டது. கழிவிற்கு ஆகும் பலகை ஆற்றலுக்கு ஆகாதா? இட்ட இலக்கு, எரித்த அளவு, சேமித்தது, விலைக்கு வாங்கிய சான்று ஆகிய நான்கையும் ஒவ்வொரு பேராலையும் ஆண்டுதோறும் தன் வாயிலில் தமிழில் எழுதவேண்டும். தமிழ்நாட்டரசு இதற்கு நடுவணரசை வற்புறுத்துவதோடு, தன் ஆலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் தானே முதலிற் செய்துகாட்டவேண்டும்.

2022-இல் சட்டம் திருத்தப்பெற்று, 2023-இல் கரிமச் சான்று வணிகத் திட்டமும் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆற்றற் கணக்கோடு புகைக் கணக்கும் சேரும் காலமிது. மக்கள் படிக்கவியலாத கணக்கு, மக்களுக்கான கணக்கு ஆகாது. தமிழ்மக்களே, நம் மொழியில் அதனைக் கேட்டுப் பெறுவோம்!