நுரை யாருடையது?

கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படும் நாள்களில் தென்பெண்ணையைக் கண்டவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். ஆறு தெரிவதில்லை. மதகுகளுக்குக் கீழே பஞ்சு மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டியதுபோல் நுரை எழும்பி நிற்கிறது. காற்று வீசினால் வயலுக்கும் சாலைக்கும் பறக்கிறது. நாற்றமோ சொல்லுந்தரமன்று. நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு, பெங்களூரின் கழிவுநீரைத் தாங்கிய பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரியையும் ஏற்றுக்கொண்டுதான் ஓசூருக்கு வருகிறது. 2015-இல் வீதிகளில் நுரை பறந்ததும், 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றிப் புகைந்ததும் அதே பெல்லந்தூரில்தான். சுத்திகரிக்கப்படாத நீரில் தங்கிவிட்ட சலவைப் பொருள் மதகில் விழுந்து அடிபடும்போது நுரையாகிறது. அந்நீரிலுள்ள பாஸ்பேட்டோ ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது.

ஆகவே பெங்களூரைக் குற்றம் சாட்டுகிறோம். சாட்டவேண்டியதுதான். கழிவை அப்படியே ஆற்றில் விடுவோர், மாநகராட்சியாயினும் ஆலையாயினும், பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் மனுவில் கையெழுத்திட்டு வீடு திரும்பும் நாம் செய்வதென்ன? நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று நம்பி, ஒரு கரண்டி போதுமான இடத்தில் மூன்று கரண்டி சலவைத்தூளைக் கொட்டுகிறோம். நுரைக்கும் தூய்மைக்கும் அப்படியோர் உறவே கிடையாது. அது விளம்பரக்காரர்கள் நமக்குக் கற்பித்த மறைக்கல்வி! ஓசூருக்குக் கீழே கிருஷ்ணகிரி அணை இருக்கிறது. அதற்குக் கீழே சாத்தனூர். கடைசியில் கடலூர்க் கடல். பெங்களூர் உயர்மறைமாவட்டத்தில் பிறந்து, 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நம் தருமபுரி மறைமாவட்டத்தைக் கடந்து, வேலூர் மறைமாவட்டத்தின் வழியே சென்று, புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் முடிகிற ஆறு இது. நான்கு ஆயர்களின் மந்தைக்கு ஒரே தண்ணீர். பெங்களூர் நமக்கு எப்படியோ, அப்படியே ஓசூர் கிருஷ்ணகிரிக்கு. கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்குவோரை ஆண்டவர் கடிந்துகொண்டார். நாமோ இருபுறமும் பளபளக்கத் துலக்கிவிட்டு, அழுக்கைக் கீழூர்க்காரனின் கிணற்றுக்கு அனுப்பிவைக்கிறோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். நாம் மரக்கன்று நட்டோம், படமும் எடுத்துக்கொண்டோம். அம்மடலின் 29-ஆம் பத்தி சலவைப் பொருள்கள் ஆறுகளிலும் ஏரிகளிலும் கடல்களிலும் கலப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதை எத்தனை பேர் கவனித்தோம்? மரக்கன்று கோயில் வளாகத்தோடு முடிந்துவிடும். சலவைத்தூளோ நம் வீட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் புளிக்கா பஞ்சம்? குழம்புக்குக் கரைத்தபின் எஞ்சும் சக்கையோடு சிறிது உப்பைச் சேர்த்துத் தேய்த்தால் பித்தளையும் செம்பும் பொன்போல ஒளிர்கின்றன. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த களிம்பைக் கரைத்துவிடுகிறது. முதலில் சுவையூட்டிய பொருளே பிறகு துலக்கவும் உதவுகிறது; அதன் பிறகும் எஞ்சுவது மண்ணில் மக்கிவிடுகிறது. திருவிழாவுக்கு முந்திய நாள் பீடத்து மெழுகுதிரித் தண்டுகளை நம் பாட்டிமார் இதைக்கொண்டுதான் துலக்கினார்கள். விறகுச் சாம்பலும் அப்படியே. அதிலுள்ள காரம் பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கோடு கூடித் தானே ஒருவகைச் சவர்க்காரமாகிறது. எரேமியாவும் மலாக்கியும் உவமை தேடியபோது சலவைத் தொழிலாளியின் காரமும் சவர்க்காரமும் அவர்கள் கண்முன் வந்தன என்பதை மறைநூல் படிப்போர் அறிவர். வீட்டு வேலையை அவர்கள் இழிவாக எண்ணவில்லை.

இங்கே உண்மையை மறைக்கலாகாது. பூந்திக்கொட்டையும் நுரைக்கும். அதிலுள்ள சபோனின் மீன்களுக்கு ஆகாது. ஆகையால் அந்நீரையும் வாழைக்கோ தென்னைக்கோ விடவேண்டுமேயன்றி ஓடையில் விடலாகாது. ஆலையிலிருந்து வரும் சீருடையின் இயந்திர எண்ணெய் பூந்திக்கொட்டைக்கு மசியாது. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் பழைய சோப்பு திரிந்துபோகும். சலவைத்தூள் வீடுதோறும் வென்றதற்கு அதுவே ஒரு காரணம். எனவே தூளை அறவே விலக்கச் சொல்லவில்லை. அளந்து போடச் சொல்கிறேன். வீட்டுத் தயாரிப்பு என்ற பெயரில் கண்டதையெல்லாம் கலப்பதும் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை அமிலமோ வினிகரோ சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும்.

இன்னொரு கூட்டத்தாரோடும் எனக்கு வழக்குண்டு. பெண்களுக்கான தியானங்களில் பேசவருவோர் சிலர், மிளகாய்த்தூளையும் சாம்பார்ப்பொடியையும் பாக்கெட்டில் வாங்குகிறவளுக்குப் பக்தி குறைந்துவிட்டதுபோல் பேசுகிறார்கள். சிப்காட் வந்த பின் நம் ஊரில் வீடு நடக்கும் முறையே மாறிவிட்டது. விடியுமுன் ஷிப்டுப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண், மாலையில் வந்து மல்லியைக் காயவைத்து, மிளகாயை வறுத்து, பூந்திக்கொட்டையையும் ஊறவைக்கவேண்டுமாம்! பேசுகிறவர் தம் வாழ்நாளில் ஒரு படி மல்லியாவது வறுத்திருப்பாரா? இறுதி இரவுணவின்போது தண்ணீரும் துண்டும் ஆண்டவரின் கையில் இருந்தன; பணிப்பெண்ணின் கையில் அல்ல. அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லும் ஆண்மகன் மிளகாய்த் தூக்கைச் சுமந்துகொண்டு மாவுமில் வரிசையில் நிற்க வெட்கப்படுவானேன்? ஞாயிறு திருப்பலி முடிந்து வந்தபின் கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாதத்துப் பொடி ஒரே பொழுதில் தயாராகிவிடும். அப்படிச் சேர்ந்து செய்ய இயலாத வீட்டில் அவள் பாக்கெட்டே வாங்கட்டும். அவளைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. குடும்பத்தைக் குட்டித் திருச்சபை என்று அழைத்துவிட்டு, அதன் ஊழியம் அனைத்தையும் ஒருத்தியின் தோளில் ஏற்றுவது என்ன நியாயம்?

வரும் தவக்காலத்தில் இறைச்சியை ஒறுக்கும் வீடுகள் சலவைத்தூளையும் பாதியாக ஒறுத்துப் பார்க்கட்டும். துணி வெளுக்கிறதா இல்லையா என்று அன்பியக் கூட்டத்தில் வந்து சொல்லட்டும். ஆனால் இதை வீடுகளுக்கு மட்டும் விட்டுவிடலாகாது. பங்கு இல்லத்தின் சமையற்கட்டும், கன்னியர் மடங்களின் மாணவியர் விடுதிகளும், திருவிழா விருந்துக் கூடங்களும் முதலில் தொடங்கவேண்டும். ஒரே வேளையில் அங்கே விழும் எச்சில் தட்டுகள் ஒரு தெருவின் வீடுகள் அனைத்தும் சேர்ந்தாலும் விழுவதில்லை. அவற்றைக் கழுவிய தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேர்கிறது என்று பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கட்டும்.