ராத்திரி இழுப்புக்கு ஃபாக்டரி காரணமாகுமா?

ஒரகடத்தில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்த பையனுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் இழுக்கிறது. வேலையில் இருந்தபோது ஒன்றுமில்லை. "ஃபேன் எல்லாம் தூசி, துடைங்கப்பா" என்கிறார்கள் ரூம்மேட்கள். மருந்துக்கடையில் ஒரு சிரப். அவ்வளவுதான் வைத்தியம்!

ஃபேனை விட்டுவிட்டு அவன் பார்க்கும் வேலையைக் கேட்க வேண்டும். கார் சீட் ஃபோம், பம்பருக்கு அடிக்கும் டூ-பேக் பெயிண்ட் இரண்டிலும் ஐசோசயனேட் உண்டு. (போபாலில் 1984-ல் கசிந்ததும் இதே குடும்பம்தான், ஆனால் ரசாயனம் வேறு.)

மூச்சுக்குழாய் ஓரத்தில் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் மூட்டையோடு உட்கார்ந்திருக்கின்றன. 1878-ல் பால் எர்லிக் வைத்த பெயர் அது. ஒவ்வாத பொருள் வந்து அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் ஐஜிஈ-யைத் தொட்டால் சில நிமிடங்களில் மூட்டை அவிழும். எல்லோருக்கும் தெரிந்த அலர்ஜி இதுதான். ஆனால் மாஸ்ட் செல் அத்தோடு நிற்பதில்லை, சைட்டோகைன்களை விட்டு டி செல்களையும் கூப்பிடுகிறது. அவை வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். வந்தவை சும்மா இருக்குமா? ஐஎல்-4, ஐஎல்-13 சுரந்து இன்னும் ஐஜிஈ உண்டாக்க வைக்கின்றன, அது திரும்ப மாஸ்ட் செல் மேலேயே ஏறுகிறது. ஒன்றை ஒன்று உசுப்பிவிடும் கூட்டணி!

ஐசோசயனேட் ஆஸ்துமாவில் இன்னொரு சிக்கல். பாதிக்கப்பட்டவர்களில் சிலரிடம்தான் அதற்கான ஐஜிஈ கிடைக்கிறது. ரத்தப் பரிசோதனை 'நார்மல்' என்று வந்தாலும் டி செல்கள் உள்ளே வேலையைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றுக்கு ஞாபக சக்தியும் உண்டு, ஒருமுறை பழகிவிட்டால் பிறகு துளி போதும். அதனால் மாஸ்க் கொடுத்து அதே லைனில் நிறுத்துவது பாதி வைத்தியம்தான். சீக்கிரம் வேறு பிரிவுக்கு மாற்றினால் தேற வாய்ப்பு அதிகம். கான்ட்ராக்ட் ஆளுக்கு 'மாற்றுவது' என்றால் கேட்டுக்கு வெளியே என்று அர்த்தமாகிவிடுவதால் அவன் வாயே திறப்பதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1948-ம் வருட ஈஎஸ்ஐ சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே தொழில்வழி ஆஸ்துமா இருந்தது. ஆனால் அதே வேலையில் குறிப்பிட்ட காலமாவது தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்றது சட்டம். நோய் அதற்கு முன்பே பிடித்துவிட்டால்? இது நோயாளியைப் பார்த்து எழுதிய விதியாகத் தெரியவில்லை, மஸ்டர் ரோலைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழில்வழி நோய்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அட்டவணையில் இருந்து என்ன, டாக்டர் சீட்டில் 'சளி' என்று எழுதினால் முடிந்தது கதை.

டாக்டர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "வார லீவில், ஊருக்குப் போனால் குறைகிறதா?" ஆமாம் என்றால் ஊதிப் பார்க்கும் சின்ன பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, தினம் நாலு வேளை, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதிக் குறித்து வரச் சொல்லலாம்.