‘வண்டி பழசு’ என்பது விடை ஆகாது

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீன் கூடைகளை ஏற்றி வரும் சிறு வேன்கள், பழைய கார்கள், ‘டப் டப்’ என்ற ஓசையோடு புல்லட் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் போகும். அவற்றுள் சில, நீல நிறப் புகையை விட்டுச் செல்லும். “அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி பழசு, எஞ்சினைக் கட்ட வேண்டியதுதான்” என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

எஞ்சினைக் கட்டுவது என்றால் அதை முழுவதும் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்குகளும் போடுவது. மீன் விற்றுப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது பெருஞ்செலவு. வேலை முடியும்வரை பிழைப்பும் நின்றுபோகும். இத்தனைக்கும் பிறகு, குறை ஒரு சிறிய ஆயில் சீலில்தான் இருந்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

‘பழசு’ என்பது காரணம் அல்ல. ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்ள நாம் சொல்லும் சாக்கு என்பதே என் கருத்து. வயதானவருக்குக் காய்ச்சல் வந்தால், “வயதாகிவிட்டது” என்று மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவரை நாம் ஏற்போமா?

எண்ணெய் எங்கே போகிறது?

எண்ணெய் மாயமாக மறைவதில்லை. அது வெளியே ஒழுக வேண்டும். அல்லது உள்ளே எரிய வேண்டும். அல்லது எஞ்சினுக்குள்ளேயே இடம் மாற வேண்டும். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

முதலில் அளக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுகோலால் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். ஓடிய தொலைவையும், ஊற்றிய எண்ணெயையும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஓடும் எஞ்சின் எதுவும் சிறிதளவு எண்ணெயை எரிக்கவே செய்யும். சில கார் நிறுவனங்கள் 1000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரைகூட ஏற்றுக்கொள்கின்றன. அதாவது கிலோமீட்டருக்கு 1 மி.லி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கி.மீ. அந்தப் பயணத்தில் 30 மி.லி. செலவாகும், 10 மி.லி. மருந்து மூடியில் மூன்று மூடி! நோட்டு இல்லாதவருக்கு ‘நிறையக் குடிக்கிறது’ என்று சொல்லத் தெரியுமே தவிர, எவ்வளவு என்று சொல்லத் தெரியாது.

அடுத்தது ஒழுக்கு. எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, இரவில் வண்டியின் அடியில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு துளி விழுந்தால் ஒரு நாளில் 1440 துளிகள். 20 துளிகள் 1 மி.லி. என்று தோராயமாகக் கொண்டால் அது 72 மி.லி. இரண்டே வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும்!

சீலை மாற்றியும் மறுபடி ஒழுகுகிறதா? மூச்சுக்குழாயைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டி எஞ்சினின் அடிப்பாகத்துக்குக் கசியும் வாயு வெளியேற ஒரு குழாய் உண்டு. அதில் பிசுக்கு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைச் சீல்களின் வழியே பிதுக்கித் தள்ளும். இங்கே தேவை புது எஞ்சின் அல்ல. குழாயைச் சுத்தம் செய்யும் பத்து நிமிட வேலை.

புகை சொல்லும் சேதி

ஒழுக்கு இல்லையென்றால் புகையைக் கவனியுங்கள். பெட்ரோல் எஞ்சினில் நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை பெட்ரோல் மிகுதியையும் காட்டும். நிறத்தைவிட நேரம் முக்கியம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றால், வால்வுத் தண்டின் சீல் மீது சந்தேகம் கொள்ளலாம். பாரத்தோடு மேட்டில் ஏறும்போது தொடர்ந்து வந்தால், ரிங்குகள் மீது சந்தேகம் கொள்ளலாம்.

சந்தேகம் தீர்ப்பாகிவிடாது. மெக்கானிக்கிடம் அழுத்தமானி இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பார். பிறகு அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார். அழுத்தம் நன்றாக உயர்ந்தால், எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது. குறை ரிங்கிலோ சிலிண்டரிலோ உள்ளது. உயரவில்லையென்றால் வால்வுப் பக்கம் பார்க்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் எண்ணெய் எரிந்தால், எண்ணெயை வழிக்கும் தனி ரிங் கரி பிடித்துச் சிக்கியிருக்கலாம்.

புல்லட்டின் பாடம்

மூன்றாவது வழிக்குச் சான்று நம் ஊர்ப் பக்கமே இருக்கிறது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட்டைத் தயாரித்த திருவொற்றியூர், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எண்ணெய்க்குத் தனி அறை உண்டு. ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை அனுப்பும். இன்னொன்று திரும்பக் கொண்டுவரும். வண்டி பல வாரம் நின்றால், தேய்ந்த பம்ப் வழியே எண்ணெய் மெல்ல எஞ்சினின் அடிக்கு இறங்கிவிடும். அளவுகோலில் எண்ணெயே தெரியாது. கிளப்பினால் புகை மண்டும். ‘எண்ணெய் இல்லை’ என்று மேலும் ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். சில நிமிடம் ஓட்டிவிட்டு அளந்து பாருங்கள். இறங்கிய எண்ணெய் தன் அறைக்குத் திரும்பியிருக்கும்!

“அனுபவமுள்ள மெக்கானிக்குக் காதால் கேட்டாலே தெரியாதா?” என்று சிலர் கேட்கலாம். தெரியும்தான். அந்த அனுபவமே ஆயிரம் சோதனைகளின் சாரம் அல்லவா? “எதை வைத்துச் சொல்கிறீர்கள், அண்ணே?” என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ந்து விளக்குவார்.

எல்லாச் சோதனைகளும் ரிங்கையே காட்டினால், எஞ்சினைக் கட்டத் தயங்கக் கூடாது. எண்ணெய் வற்றி ஓடும் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அதன் நீலப்புகையை நாம்தான் மூச்சில் இழுக்கிறோம். செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவுள்ளதற்குப் போக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழைய வண்டி இருக்கும். பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எஞ்சின் ஆறிய பிறகு மட்டத்தை அளந்து இன்றே ஒரு நோட்டைத் தொடங்குங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். ஒரு மாதம் கழித்து யாராவது “வண்டி பழசு” என்றால், உங்கள் நோட்டை அவர் முன் விரித்து வையுங்கள்.